அது வேறு விஷயம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் கொடைக்கானலில் வசிக்கிறேன். வயது 41. கணவர் சுற்றுலா வண்டி ஓட்டுகிறார். நான் ஒரு விடுதியில் கணக்கு எழுதுகிறேன். எங்களுக்கு ஒரே மகன், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறான். அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவன் கெட்ட பிள்ளை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என்னிடம் பேசுவதே இல்லை. பள்ளி விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். சாப்பிட்டாயா என்றால் 'ம்', பரீட்சை எப்படி எழுதினாய் என்றால் 'பரவாயில்லை'. அவனுக்காக நான் பட்ட பாடு கொஞ்சமா? பின்னலாடை வேலைக்காகத் திருப்பூரில் ஒற்றை அறையில் பத்து வருடம் கிடந்தோம். ராத்திரி ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசில்தான் இன்று அவன் படிக்கிறான். அந்த நன்றி அவனிடம் துளியும் இல்லை.

சனிக்கிழமை ஆனால் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பூம்பாறைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விடுகிறான். அங்கே அம்மாச்சியோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுகிறானாம். என்னிடம் பேசாத பிள்ளைக்கு அங்கே மட்டும் வாய் எப்படித் திறக்கிறது? என் அம்மாவும் 'வரட்டும் விடு, பச்சைப் பிள்ளை' என்று அவனுக்கே பரிந்து பேசுகிறார். என்னை வளர்த்தபோது இந்தக் கனிவில் கால்வாசி கூட நான் கண்டதில்லை.

சென்ற மாதம் தங்கை மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனபோது 'முதல் 1000 நாட்கள்' என்று ஒரு பலகை பார்த்தேன். கர்ப்பத்திலிருந்து இரண்டு வயது வரையிலான காலம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு மிக முக்கியம் என்று எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கருவில் 270 நாள், எட்டு மாதம்வரை என்னிடம் பால் குடித்தது 240 நாள், ஆக 510. மீதி 490 நாளும் அவன் என்னிடம் இல்லை, பூம்பாறையில் அம்மாவிடம் இருந்தான். பள்ளியில் சேர்க்கும் வயது வந்ததும், மூன்றே முக்கால் வயதில்தான் அழைத்து வந்தோம். பூம்பாறையிலிருந்து பழனி வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தான், அது வேறு விஷயம். பத்து நாளில் அடங்கிவிட்டான். அம்மாவின் பழைய சேலைத் துண்டு ஒன்றை விடாமல் வைத்திருந்தான், பூண்டும் அடுப்புப் புகையுமாக ஒரே வாடை. அதையும் துவைத்துப் போட்டேன். சின்ன வயதில் எடுத்த படம் ஏன் ஒன்றுகூட இல்லை என்று ஒருமுறை கேட்டான். போன் தொலைந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே வளர்ந்ததை அவனிடம் நாங்கள் சொன்னதில்லை, அவனுக்கு நினைவும் இருக்காது.

'பெற்றால் போதுமா, வளர்க்க வேண்டாமா' என்று நாத்தனார் ஜாடையாகச் சொல்கிறார். கணவரோ 'வயசுப் பையன், விடு' என்கிறார். அந்த 490 நாளில் அவன் மூளையில் ஏதாவது பழுதாகிவிட்டதா? பரிசோதனை ஏதும் உண்டா? பொதுத்தேர்வு முடியும்வரை சனிக்கிழமைப் பயணத்தை நிறுத்திவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு தாய், கொடைக்கானல்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் கதவைச் சாத்துவதற்கு நீங்கள் நான்கு வரி கொடுத்திருக்கிறீர்கள். பூம்பாறையிலிருந்து பழனி வரை ஒரு குழந்தை அழுதுகொண்டே வந்ததற்கு அரை வரி கொடுத்து, 'அது வேறு விஷயம்' என்று தாண்டிவிட்டீர்கள். எனக்கு அந்த அரை வரிதான் விஷயமாகப் படுகிறது.

முதலில் பலகையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1000 நாள் என்பது கர்ப்பகாலத்தின் 270 நாளும் இரண்டு ஆண்டுகளின் 730 நாளும் சேர்ந்தது. அந்த நாட்களில் கிடைக்கும் உணவும் தடுப்பூசியும் பேச்சும் விளையாட்டும் மூளை வளர்ச்சிக்கு முக்கியம் என்பதைச் சொல்ல வைத்த பலகை அது. பெற்றவள் பக்கத்தில் இல்லாத நாளெல்லாம் பாழ் என்று அது சொல்லவில்லை. அந்த 490 நாளும் உங்கள் மகனுக்குச் சோறு ஊட்டப்பட்டது, அவனிடம் பேசப்பட்டது, அவன் யாருடைய மடியிலோ தூங்கினான். உங்களுக்கு 510, அம்மாவுக்கு 490 என்று பாகம் பிரித்துப் பார்த்தது நீங்கள்தான். பழுதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எதுவும் தேவையில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் பழுது எதுவும் எனக்குத் தென்படவில்லை.

குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பற்றிப் பேசும்போது முதலில் வரும் பெயர் ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவருடையது. 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர் எழுதிய அறிக்கையிலேயே, குழந்தைக்குத் தேவை தாயின் அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவரின் இதமான, தொடர்ந்த உறவு என்றுதான் இருக்கிறது. அந்த இரண்டாவது பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பவுல்பியையே குழந்தைப் பருவத்தில் பெரும்பாலும் வளர்த்தவர் வீட்டில் வேலை செய்த ஒரு தாதி. பவுல்பிக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது அந்தத் தாதி வேலையை விட்டுப் போனார். ஒரு தாயை இழப்பதற்கு நிகரான துயரம் அது என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். ஏறத்தாழ நான்கு வயது, உங்கள் மகன் பஸ் ஏறிய அதே வயது.

எட்டு மாதத்தில் அவனை விட்டுப் போனதுதான் குற்றம் என்று இத்தனை ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் பக்கத்திலிருந்து பார்த்தால், அவன் வாழ்க்கையின் பெரிய பிரிவு நீங்கள் விட்டுப் போன நாளன்று நடக்கவில்லை, திரும்பி வந்து அழைத்துப் போன நாளன்று நடந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போகும் இருவர், ஒரு காலையில் அவனை அவனுடைய அம்மாவிடமிருந்து பிரித்துக் கூட்டிப் போனார்கள். அவர்கள்தான் பெற்றவர்கள் என்பது மூன்றே முக்கால் வயதுக்கு எப்படித் தெரியும்?

பத்து நாளில் அடங்கிவிட்டான் என்கிறீர்கள். 1950களில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் பெற்றோரைப் பிரிந்து கிடந்த சிறு குழந்தைகளைக் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சன், முதலில் அழுது ஆர்ப்பாட்டம் செய்யும் குழந்தை, பிறகு சோர்ந்து கிடந்து, அதன் பிறகு ஒட்டாமல் அமைதியாகிவிடுவதைக் கண்டார். செவிலியர் அந்த அமைதியைப் பார்த்து, பழகிவிட்டது என்று நிம்மதி அடைந்தார்கள், ராபர்ட்சன் கவலைப்பட்டார். துவைத்துப் போட்ட சேலைத் துண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தைகள் இப்படிப் பற்றிக்கொள்ளும் பொருள்களைப் பற்றி எழுதிய டொனால்டு வின்னிகாட் என்ற குழந்தை மருத்துவர், அவற்றின் அழுக்கும் வாடையும்கூடக் குழந்தைக்குத் தேவை என்பதைக் கவனித்தார். துவைத்தால் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. உங்களுக்கு அது பூண்டு வாடை. அவனுக்கு அதுதான் வீடு.

இதையெல்லாம் நான் சொல்வது உங்கள் குற்றப் பட்டியலில் இன்னும் இரண்டு வரி சேர்ப்பதற்காக அல்ல. பிழைப்புக்காகப் பிள்ளையை அம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திருப்பூர் போகாத குடும்பம் உங்கள் ஊர்ப் பக்கத்தில் எத்தனை இருக்கும்? ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, அவர்களுக்கு 40 வயது ஆகும்வரை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாகத் தேறினார்கள். அவர்களில் பலரிடம் காணப்பட்ட ஒரு பொதுத்தன்மை, தன்னை மனமார ஏற்றுக்கொண்ட நிலையான ஒரு பெரியவர், பெரும்பாலும் தாத்தாவோ பாட்டியோ அத்தையோ, சிறு வயதில் கிடைத்தது. பதின்ம வயதில் தடுமாறிய மற்றவர்களிலும் பெரும்பாலானோர் முப்பது, நாற்பது வயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள். உங்கள் மகனுக்கு அந்தப் பெரியவர் பூம்பாறையில் இருக்கிறார். ஒரு பதினேழு வயதுப் பையன் கைப்பேசியை வைத்துவிட்டுப் பாட்டியோடு பூண்டு உரிக்கிறான் என்றால், பிணைப்பு அவனுக்குள் உயிரோடுதான் இருக்கிறது.

அந்தப் பயணம் உங்களைக் குத்துவதற்குக் காரணம் பொதுத்தேர்வு அல்ல. உங்கள் மகன் உங்கள் அம்மாவிடம் பேசுவதும், உங்களுக்குக் கிடைக்காத கனிவு அவனுக்குக் கிடைப்பதும் ஒரே இடத்தில் வலிக்கின்றன. இதற்குப் பெயர் பொறாமை; சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பொறாமைக்காக அவனுடைய சனிக்கிழமையை நிறுத்தினால், அவனை இரண்டாவது முறை பஸ் ஏற்றுகிறீர்கள். நிறுத்த வேண்டாம். நன்றியைப் பற்றிய பேச்சையும் விடுங்கள். ராத்திரி ஷிப்ட் உங்கள் தீர்மானம், அவன் வாங்கிய கடன் அல்ல.

கதவு சாத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் கணவர் சொல்வது சரி. அந்த வயதில் 'நான் யார்' என்ற கேள்விக்குக் கொஞ்சம் தனிமை வேண்டும். அந்தக் கேள்வியை வளர்ச்சிப் படிகளில் ஒன்றாக வைத்துப் பிரபலமாக்கியவர் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர். மாற்றாந்தந்தையைச் சொந்தத் தந்தை என்று வீட்டார் சொல்லிவைக்க, உண்மையைப் பின்னால் அறிந்தவர் அவர். பெற்ற தந்தை யார் என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அடையாளம் என்ற சொல் அவருடைய எழுத்தில் அத்தனை அழுத்தமாக வருவதில் எனக்கு வியப்பில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பொய் இருக்கிறது, போன் தொலைந்த பொய். மூன்று வயதுக்கு முந்தைய நிகழ்ச்சிகள் பெரும்பாலோருக்குக் காட்சியாக நினைவில் நிற்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் படம் ஏன் இல்லை என்று கேட்கும் பிள்ளைக்கு ஏதோ ஒன்று விடுபட்டிருப்பது தெரிந்திருக்கிறது. பூம்பாறையில் அக்கம்பக்கத்தார் யாராவது ஒருவர் இந்நேரம் சொல்லியும் இருக்கலாம். நீங்கள் சொல்வதற்காகக் காத்திருக்கிறானோ என்னவோ.

வரும் சனிக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவனோடு அதே பஸ்ஸில் போங்கள். போகும் வழியில் எதுவும் பேச வேண்டாம். அங்கே மூவரும் உட்கார்ந்து பூண்டு உரிக்கும்போது, நீங்கள் புறப்பட்டுப் போன அன்று மாலை வீட்டில் என்ன நடந்தது என்று உங்கள் அம்மாவிடம், அவன் காதுபடக் கேளுங்கள். இத்தனை ஆண்டுகளில் அதை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். பிறகு நீங்கள் ஏன் விட்டுப் போனீர்கள், ஏன் திரும்ப அழைத்துக்கொண்டீர்கள் என்பதை அவனிடம் சொல்லுங்கள். அழாமல் சொல்ல முடியாவிட்டால் அழுதுகொண்டே சொல்லுங்கள்; ஆனால் மன்னிப்பை மட்டும் அன்றைக்கே அவனிடம் எதிர்பார்க்காதீர்கள். அவன் 'ம்' என்று மட்டும் சொல்லலாம். அந்தச் சேலைத் துண்டு எங்கே என்று கேட்டால், துவைத்துப் போட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள்.