வீட்டுப் பலகார வியாபாரமும் முகநூல் விளம்பரமும்

வணக்கம் சகோதரி. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே கைமுறுக்கும் அதிரசமும் செய்து விற்பதாகவும், முகநூலில் தினமும் 200 ரூபாய் செலவழித்தும் விருப்பக்குறிகள்தான் குவிகின்றன, ஆர்டர் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். குறை பலகாரத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பணம் கட்டிப் பதிவை விளம்பரமாக்கும், பதிவின் கீழுள்ள பூஸ்ட் பொத்தானை அப்படியே அழுத்தினால், விளம்பரம் பெரும்பாலும் விருப்பக்குறி இடும் பழக்கமுள்ளவர்களிடமே போய்ச் சேரும். யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று முகநூலின் விளம்பர மென்பொருள் கற்றுக்கொள்ள, வாரத்துக்குச் சுமார் 50 விளைவுகள் (அதாவது விளம்பரத்தால் நாம் எதிர்பார்க்கும் பலன்; நமக்கு அது ஆர்டர்) தேவை என்று முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனமே சொல்கிறது. ஒரு வீட்டு அடுப்பு அவ்வளவு ஆர்டரைத் தாங்காது என்பதுதான் நம்மைப் போன்றவர்களின் உண்மையான சிக்கல்.

ஆகவே, வாட்ஸ்அப் உரையாடலைத் தொடங்கும் விளம்பர வகையைத் தேர்ந்தெடுத்து, விளம்பரம் காட்டப்படும் இடமாக ‘தமிழ்நாடு’ என்றிருப்பதை நீக்கிவிட்டு, வரைபடத்தில் உங்கள் தெருவைக் குறித்து, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க முடிகிற தூரத்துக்கு மட்டும் வட்டத்தைச் சுருக்குங்கள். “அரைக் கிலோ கைமுறுக்கு, சனிக்கிழமை மாலை, சித்திரை வீதிகளில் வீடு தேடி வரும்” என்று விலையோடு படத்திலேயே எழுதிவிடுங்கள். கூகுளில் வணிகப் பக்கம் தொடங்கக் கட்டணமில்லை. வீட்டு முகவரியை மறைத்துச் சேவைப் பகுதியை மட்டும் காட்டலாம் என்பதால், விளம்பரத்துக்கு மேலும் பணம் போடும் முன் அதைத் தொடங்கிவிடுங்கள்.