பழைய ஹயபுசாவை டிராக் ரேஸில் ஓட்டலாமா? முதல் செலவு எதற்கு?

கோவை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் 2005 மாடல் சுசூகி ஹயபுசா பைக் இருக்கிறது. மூன்றாம் கை வண்டி. எஞ்சினுக்குள் யாரும் கை வைத்ததில்லை. சென்னை பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் மைதானத்தில் ஒருமுறையாவது க்வார்ட்டர் மைல் ஓட்டிப் பார்க்க ஆசை. ஒரு மெக்கானிக் ஃபுல் சிஸ்டம் எக்ஸாஸ்ட் போடச் சொல்கிறார், இன்னொருவர் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மை நீட்டச் சொல்கிறார். கிளட்ச் தாங்குமா என்றும் பயமாக இருக்கிறது. ரேஸ் முடிந்ததும் அதே வண்டியில்தான் ஊர் திரும்ப வேண்டும். எதில் தொடங்குவது?"

இப்போதைக்கு எக்ஸாஸ்டும் வேண்டாம், ஸ்விங்ஆர்மும் வேண்டாம். அந்தப் பணம் கிளட்ச், டயர், பிரேக் மூன்றுக்கும் போகட்டும். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

உங்கள் வண்டி பெட்ரோலோடு ஏறக்குறைய 250 கிலோ. நீங்களும் ரைடிங் கியரும் சேர்ந்து 85 என்று வைத்தால் 335. டிராக் ரேஸில் நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் ஓட வேண்டிய க்வார்ட்டர் மைல் என்பது 402 மீட்டர். அதைக் கடக்கும் நேரம், எடையை பவரால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டியே மாறும். டிராக் ரேஸில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு இது. இதன்படி பவரை 3 சதவீதம் கூட்டினால் நேரம் 1 சதவீதம்தான் குறையும். எக்ஸாஸ்ட் மாற்றிப் பின்சக்கரத்தில் 5 குதிரைத்திறன் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கிடைப்பது பத்தில் ஒரு விநாடி. பத்து கிலோ எடையைக் குறைத்தாலும் அதே பத்தில் ஒன்று கிடைக்கும். டேங்கை நிரப்பாமல் ஐந்தாறு லிட்டரோடு போனாலே பத்து கிலோ குறைந்துவிடும். அதற்குச் செலவே இல்லை.

இனி புறப்பாட்டைப் பாருங்கள். முதல் 60 அடியை, அதாவது 18.3 மீட்டரை, தனியாக அளந்து பார்ப்பது டிராக் ரேஸ்காரர்களின் வழக்கம். எதையும் மாற்றாத ஸ்டாக் ஹயபுசாவில் கைதேர்ந்தவர் அதைச் சுமார் 1.7 விநாடியில் தாண்டுவார். புதிதாக ஓட்டுபவருக்கு 2.1, 2.2 ஆகும். அங்கே இழந்த நேரம் அதே அளவில் நிற்பதில்லை. அங்கே பத்தில் ஒன்று போனால் முடிவில் ஒன்றரை மடங்காவது போகும். எக்ஸாஸ்ட் தரும் ஆதாயத்தைப் போலப் பல மடங்கு இந்த 18 மீட்டரில் கிடக்கிறது. இந்த மாடல் 1999-ல் வந்தபோது ஷோரூம் வண்டியை வைத்தே வெளிநாட்டுப் பத்திரிகைகள் 10 விநாடியை ஒட்டிய நேரங்களை எடுத்தன. உங்களுக்கு முதல் நாள் 11-க்கு மேல் வந்தால் எஞ்சினைச் சந்தேகிக்காதீர்கள். முடிவுக் கோட்டில் எவ்வளவு வேகம் இருந்தது என்று ஜிபிஎஸ் டைமரில் பாருங்கள். மணிக்கு 220 கிமீயைத் தாண்டியிருந்தால் எஞ்சின் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. குறை புறப்பாட்டில்தான்.

சரி, கிளட்ச் தாங்குமா? நீங்கள் கேட்டதிலேயே முக்கியமான கேள்வி இதுதான். உங்களுடையது போன்ற முதல் தலைமுறை ஹயபுசாவில் முன் ஸ்பிராக்கெட் 17 பல், பின்னால் 40. இந்தக் கியரிங்கில் முதல் கியர் மட்டுமே 11,000 ஆர்பிஎம்மில் மணிக்கு 130 கிமீ வரை போகும். அப்படியென்றால் 6,000 ஆர்பிஎம்மில் எஞ்சினை வைத்து லாஞ்ச் செய்யும்போது, அதாவது கிளட்சை விட்டுப் புறப்படும்போது, வண்டி மணிக்கு 70 கிமீயைத் தொடும் வரை கிளட்ச் முழுதாகப் பிடித்துக்கொள்ளாது. நல்ல லாஞ்சில் அந்த வேகம் வர இரண்டு விநாடி ஆகும், வண்டி இருபது மீட்டர் போயிருக்கும். அந்த இரண்டு விநாடியும் 335 கிலோவை இழுத்துக்கொண்டு பிளேட்கள் வழுக்கியபடியேதான் இருக்கும். சாதாரணமாக ஊருக்குள் ஓட்டும்போது கிளட்ச் அரை விநாடி கூட இப்படி உழைப்பதில்லை.

அதனால் ரேஸுக்கு முன்பே கிளட்சைத் திறந்து பாருங்கள். ஃபிரிக்‌ஷன் பிளேட்களின் தடிமனை வெர்னியரில் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்டீல் பிளேட்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பலகை மேல் வையுங்கள். ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ நீலம் பாய்ந்திருந்தாலோ அதை மறுபடி போடாதீர்கள். ஸ்பிரிங்குகளின் நீளத்தையும் அளக்க வேண்டும். இருபது வருடத்தில் அவை தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புது செட் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே ஆர்டர் கொடுங்கள். சுசூகி நிறுவனம் ஹயபுசாவை இங்கே விற்கத் தொடங்கியதே 2008 கடைசியில், அதுவும் இரண்டாம் தலைமுறை வண்டியை. உங்கள் மாடலுக்கான பாகம் பக்கத்துக் கடையில் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

இந்த வண்டியில் கிளட்ச் ஹைட்ராலிக், அதாவது கேபிள் இல்லாமல் ஃப்ளூயிட் அழுத்தத்தில் இயங்குவது. லிவரின் பிடிப்பு நாளுக்கொரு இடத்தில் வருகிறது என்றால் ஃப்ளூயிட் பழசாகியிருக்கும், அல்லது கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு இருக்கும். முன் ஸ்பிராக்கெட் பக்கத்திலேயே அது இருப்பதால் செயின் அழுக்கெல்லாம் அதன் மேல்தான் அப்பிக்கொள்ளும். சுத்தம் செய்து, ஃப்ளூயிட் மாற்றி, காற்றை வெளியேற்றுங்கள். பிடிப்பு எந்த இடத்தில் வரும் என்று விரலுக்குத் தெரியாமல் நல்ல லாஞ்ச் வராது. எஞ்சின் ஆயில், பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2-வில் இருக்கட்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

லாஞ்ச் எப்படி? இரண்டு காலும் தரையில், உடம்பு முன்னால், நெஞ்சு டேங்க் மேல், ஹெல்மெட் மீட்டருக்கு மேலே. லிவரைப் பிடிப்பு தொடங்கும் இடம் வரை முதலிலேயே விட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்பிஎம் ஆரம்பத்தில் 4,000 போதும். பழகப் பழக ஏற்றலாம். விளக்கு மாறியதும் லிவரைப் படாரென்று விடாமல், கிளட்ச் முழுதாகப் பிடிக்கும் வரை விரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க, வலது கை சேர்ந்தே ஏற வேண்டும். ஆர்பிஎம் முள் ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நின்றால் சரியாகச் செய்கிறீர்கள். முள் விழுந்தால் லிவரைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள், பறந்தால் தாமதம். ஒரு லாஞ்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து நிமிடமாவது எஞ்சின் ஆறட்டும். கிளட்ச் கருகிய வாடை வந்தால் அன்றைக்கு அதோடு போதும்.

கிளட்சுக்குச் சுமையைக் குறைக்கக் குறைந்த செலவில் ஒரு வழி உண்டு: முன் ஸ்பிராக்கெட்டை 16 பல்லாக மாற்றுவது. கியரிங் 6 சதவீதம் குறுகும், கிளட்ச் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். ஹைவேயில் ஆர்பிஎம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஸ்டாக் வண்டியில் பணம் போட்டு எதையாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம் இரண்டாம் கியர். முதல் தலைமுறை ஹயபுசாவில் பலரும் பார்த்த குறை இது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது நியூட்ரலைத் தாண்ட வேண்டும். காலைத் தயங்கித் தயங்கித் தூக்கினால் கியரின் பற்கள் முழுதாகக் கோத்துக்கொள்ளாமல் முனை மழுங்கும். பிறகு முழு திராட்டிலில் இரண்டாம் கியர் தானாகக் கழன்று வரும். மூன்று கை மாறிய வண்டியில் இது ஏற்கெனவே தொடங்கியிருக்கலாம். காலியான, நேரான சாலையில் சட்ட வேகத்துக்குள் இரண்டாம் கியரில் திராட்டிலைச் சட்டென்று திறந்து மூடிப் பாருங்கள். கழன்றாலோ உதைத்தாலோ, கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யும் வரை ரேஸ் பக்கமே போக வேண்டாம். 170 கிமீ வேகத்தில் கியர் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஸ்விங்ஆர்ம். நீட்டுவது வேலை செய்யாது என்று சொல்லவில்லை. வேகம் கூட்டும்போது முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும் எல்லை இரண்டு அளவுகளைப் பொறுத்தது: எடையின் மையம் பின்சக்கரத்திலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. உங்கள் வண்டியின் வீல்பேஸ், அதாவது இரு சக்கர மையங்களுக்கு இடைப்பட்ட தூரம், 1,485 மில்லிமீட்டர். ஆள் உட்கார்ந்த நிலையில் அந்த எல்லை புவியீர்ப்பு முடுக்கத்தை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ வரும். ஸ்விங்ஆர்மை 150 மில்லிமீட்டர் நீட்டினால் எல்லை ஐந்தில் ஒரு பங்கு வரை உயரும். பெங்களூரைச் சேர்ந்த ஹேமந்த் முத்தப்பா, தேசிய டிராக் ரேஸ் பட்டங்களைத் திரும்பத் திரும்ப வென்றவர், இருங்காட்டுக்கோட்டையில் ஹயபுசாவை ஓட்டியவர். அவர் ஓட்டியது ரேஸுக்கென்றே கட்டிய வண்டி. உங்களுடையதோ ஊர் திரும்ப வேண்டிய வண்டி. நீட்டிய ஸ்விங்ஆர்மோடு வால்பாறைக் கொண்டை ஊசி வளைவில் திருப்புவது பெரும்பாடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் இந்த மாதிரி மாற்றத்தைச் சாலையில் அனுமதிக்காது. மெட்டல் வேலை சரியாக அமையாமல் வெல்டிங் விட்டுப்போனால் உயிருக்கே ஆபத்து.

அதற்குப் பதிலாக முன் ஃபோர்க்கை 40, 50 மில்லிமீட்டர் அழுத்தி ஸ்ட்ராப் கட்டலாம். முன்பக்கம் தாழும், லாஞ்சில் ஃபோர்க் நீண்டு மேலே தூக்காது. போட்டி விதி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதை ரேஸ் நடக்கும் இடத்தில் மட்டுமே கட்ட வேண்டும், கட்டிய வண்டியைச் சாலையில் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டிய டயரைப் போடாதீர்கள். ரப்பர் இறுகிப்போயிருக்கும். பின் டயரில் சாலைக்கு 42 பிஎஸ்ஐ வைப்பீர்கள். ரேஸ் நடக்கும் இடத்தில் 28-ல் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டிரண்டாகக் குறைத்து நேரத்தைப் பாருங்கள். சாலை ரேடியல் டயரில் 22-க்குக் கீழே போக வேண்டாம், கோட்டைத் தாண்டும்போது 220 கிமீ வேகம் இருக்கிறது. முன் டயரில் காற்றைக் குறைக்கவே கூடாது.

பிரேக் பற்றி மெக்கானிக்குகள் யாரும் உங்களிடம் பேசவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. இந்த மாடலின் முன் கேலிப்பர்கள், அதாவது பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகங்கள், டோக்கிகோ நிறுவனத்தின் ஆறு பிஸ்டன் வகை. தூசியும் ஈரமும் சேர்ந்து பிஸ்டன்கள் ஒட்டிக்கொள்வது சகஜம். ஒட்டிய பிஸ்டனோடு ஊருக்குள் ஓட்டும்போது குறை தெரியாது. 220-லிருந்து நிறுத்தும்போதுதான் தெரியும். கேலிப்பரைக் கழற்றி, சீல் மாற்றி, பழைய ரப்பர் ஹோஸ்களுக்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி எஞ்சினுக்குள் இருக்கும் கேம் செயின் சலசலத்தால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் மாற்றுங்கள். அந்தத் தளர்வோடு ஆர்பிஎம் உச்சமான ரெட்லைன் வரை இழுப்பது எஞ்சினுக்கு ஆபத்து.

ஓட்டும் இடம் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். ஈசிஆரிலோ பைபாஸிலோ "சும்மா ஒரு டிரயல்" பார்க்காதீர்கள். பொதுச்சாலையில் ரேஸ் விடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம். அதைவிட முக்கியம், எதிரே வருபவருக்கு நீங்கள் 200-ல் வருவது தெரியாது. இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டில் தேசிய டிராக் ரேஸ் சாம்பியன்ஷிப் சுற்றுகள் நடந்திருக்கின்றன. உங்கள் வண்டி 4-ஸ்ட்ரோக் 1051 சிசிக்கு மேற்பட்ட பிரிவில் வரும். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் போட்டி லைசென்ஸ் வேண்டும், ஒற்றைத் துண்டு லெதர் சூட், ஃபுல்ஃபேஸ் ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் வேண்டும். அந்த வருடத்துக்கான விதிகளை வாங்கிப் படித்துவிட்டு நுழைவுக் கட்டணம் கட்டுங்கள். பதிவுப் புத்தகமும் இன்சூரன்ஸும் சரியாக இருக்கட்டும், இந்த மாடலில் இறக்குமதிப் பேப்பர்களில் சிக்கல் உள்ள வண்டிகள் உண்டு.

சென்னை வெயிலில் காற்று இளகுவதால் பவர் சில சதவீதம் குறையும், காலை நேரத்து ஓட்டத்தை மதிய ஓட்டத்தோடு ஒப்பிட வேண்டாம். கடைசி ஓட்டம் முடிந்ததும் ஸ்ட்ராப்பை அவிழ்த்து, பின் டயரில் மறுபடி 42 ஏற்றி, செயின் தொய்வைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பல லாஞ்ச் வாங்கிய செயின் நீண்டிருக்கும். கிளட்ச் லிவரின் பிடிப்பு காலையில் இருந்த இடத்திலேயே வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போயிருந்தால் கோவை வரை 500 கிமீ ஓட்டாமல் வண்டியை லாரியில் ஏற்றிவிடுங்கள்.