லிபர்டேரியன் என்றால் எந்த லிபர்டேரியன்?

கேள்வி: அர்ஜென்டினா அதிபர் மிலேய் தன்னை லிபர்டேரியன் என்கிறார். முதலாளிகளையும் அரசையும் ஒருசேர எதிர்க்கும் அராஜகவாதக் கூட்டமைப்பு ஒன்றும் அதே நாட்டில் 'லிபர்டேரியா' என்று பெயர் வைத்திருக்கிறது. எது சரி? சந்தையை ஏற்று, குத்தகையையும் வட்டியையும் மறுக்கும் மியூச்சுவலிசம் இதில் எந்தப் பக்கம்?

பதில்: அரசியலில் மூத்தது, அரசையும் முதலாளிகளையும் எதிர்க்கும் இடதுசாரிப் பொருள்தான். 1857-இல் ஜோசப் தெஜாக் என்ற பிரெஞ்சு அராஜகவாதி, மியூச்சுவலிசத்தின் மூலவரான பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோனுக்குத் திறந்த மடல் எழுதினார். பெண்களுக்குச் சமத்துவம் மறுத்த அவரை, 'நீங்கள் லிபரல், லிபர்டேர் (லிபர்டேரியன் என்பதன் பிரெஞ்சு வடிவம்) அல்ல' என்ற பொருள்பட அதில் கண்டித்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் தெஜாக் தொடங்கிய பத்திரிகைக்கும் அந்தச் சொல்லே பெயரானது. குறைந்த அரசு, தடையற்ற சந்தை என்ற பொருள் அமெரிக்காவில் 1950-களில் பரவி, 1971-இல் கட்சியாகவும் உருவெடுத்தது. ஸ்பானிய மொழியில் இரண்டு பொருளும் இன்றுவரை புழங்குகின்றன. குழப்பம் அங்கிருந்து வருகிறது.

பெயரை ஒதுக்கிவிட்டு ஒன்று கேட்டுப் பாருங்கள். நிலம் ஊரிலேயே இல்லாத ஒருவர் பேரில் இருக்கிறது; 20 வருடமாக உழுபவர் வேறொருவர். குத்தகை யாருக்கு? சந்தை லிபர்டேரியன், நேர்மையாக வாங்கிய நிலமென்றால் பத்திரம் வைத்திருப்பவருக்கு என்பார். அராஜகக் கம்யூனிஸ்ட், நிலமும் விளைச்சலும் ஊருக்குப் பொது என்பார். மியூச்சுவலிஸ்டுக்கு நிலம் உழுபவருடையது, குத்தகையே கிடையாது. ஆனால் விளைந்ததை அவர் தாராளமாகச் சந்தையில் விற்கலாம். சந்தை வேண்டும், குத்தகையும் வட்டியும் வேண்டாம் என்பதால் இரு தரப்பும் மியூச்சுவலிஸ்டை எதிரணி ஆளாகவே பார்க்கின்றன. என் கணக்கில் மியூச்சுவலிசம் பழைய லிபர்டேரியன் குடும்பத்துப் பிள்ளைதான்.

கேள்வி: வட்டியில்லாமல் கடன் யார் கொடுப்பார்கள்?

பதில்: உறுப்பினர்களே, ஒருவருக்கொருவர். அமெரிக்கரான வில்லியம் கிரீன் 1850-இல் எழுதிய 'மியூச்சுவல் பேங்கிங்' திட்டப்படி, சொத்தை அடமானம் வைப்பவர் உறுப்பினராகிறார். அதன் மதிப்பில் பாதி வரை வங்கியின் நோட்டாகக் கடன் பெறலாம். கட்டணம் வங்கியை நடத்தும் செலவுக்கு மட்டும். நோட்டைக் கொடுத்தால் தங்கம் கிடைக்காது. அதை வாங்கிக்கொள்வதாக உறுப்பினர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார்கள்.

சிக்கலும் அங்கேதான். உறுப்பினர் குறைவாக இருந்தால் அரிசிக்கடையில் அந்த நோட்டு செல்லாது. நிலவிலை சரிந்தால் அடமானம் கடனை ஈடுகட்டாது. பாதி என்ற வரம்பு அதற்கான காப்பு. இவற்றைவிடக் கனமான மறுப்பைச் சந்தைத் தரப்பின் முர்ரே ரோத்பார்ட் 1965-இல் வைத்தார்: நோட்டு பெருகினால் விலைதான் ஏறும், வட்டி மறையாது, ஏனென்றால் வட்டி காத்திருப்பதற்கான கூலி. சொத்து ஈடாக நிற்பதால் இவை வெற்று நோட்டுகள் அல்ல என்கிறார்கள் மியூச்சுவலிஸ்டுகள். விலையேற்றத்துக்கு அது ஓரளவு பதில். காத்திருப்புக்கு அது பதிலாகாது: இன்று சரக்கைக் கொடுத்துவிட்டு நோட்டை வாங்கும் கடைக்காரர் காத்திருக்கத்தானே செய்கிறார்?

புரூதோனே 1849 ஜனவரியில் பாரிஸில் மக்கள் வங்கியைப் பதிவு செய்தார். எழுத்துக்காகச் சிறைத்தண்டனை விழவே, கடன் கொடுக்கத் தொடங்குமுன் ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார். அந்த வங்கி தோற்றதைக் காட்டி மியூச்சுவலிசத்தை மறுப்பவர்களும், அதன் பெயரால் புகழ்பவர்களும், நடக்காத சோதனையின் முடிவைச் சொல்கிறார்கள்.