லீட்ஸ் குளிருக்கு எலக்ட்ரிக் ஸ்டவ் ஹீட்டர்: காட்பாடித் தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் கேட்டது இது: காட்பாடியிலிருந்து இங்கிலாந்தின் லீட்ஸ் வந்து வாடகை வீடு எடுத்தாயிற்று, டிசம்பரில் அப்பா அம்மா வருகிறார்கள். முன்னறையில் சும்மா கிடக்கும் பழைய ஃபயர்பிளேஸுக்குள் (சுவரில் விறகு எரிக்கும் குழி), விறகு எரிவதுபோல் காட்டுகிற எலக்ட்ரிக் ஸ்டவ் ஹீட்டர் வைக்கலாமா? இல்லை, ஊரில் இருக்கும் ரூம் ஹீட்டரையே அவர்கள் கையில் கொடுத்தனுப்பச் சொல்லலாமா?

ஊர் ஹீட்டர் வேண்டாம். வோல்ட்டேஜ் இரண்டு இடத்திலும் 230தான், சிக்கல் பிளக்கில். டிராவல் அடாப்டர் பெரும்பாலும் போன், லேப்டாப் சார்ஜ் போடத்தான் லாயக்கு. அதில் பவர் பிளக்கைச் சொருகி 2000 வாட் இழுத்தால் உருகிவிடலாம்.

இங்கே வாங்குவதில் முதலில் தெரிய வேண்டியது, அந்தத் தீ வெறும் எல்இடி வெளிச்சம். சூடு தருவது உள்ளே இருக்கும் எலிமென்ட்டும் ஃபேனும்தான். 60 பவுண்டு ஹீட்டரும் 300 பவுண்டு ஹீட்டரும் 2 கிலோவாட் என்றால் தருகிற சூடு ஒன்றே. கூடுதல் காசு அழகுக்கும், சத்தம் குறைந்த ஃபேனுக்கும், நல்ல தெர்மோஸ்டாட்டுக்கும். கடைசி இரண்டுக்கும் தாராளமாகக் கொடுங்கள். ஹை, லோ என்று இரண்டு பட்டன் மட்டும் உள்ளது வேண்டாம். டிகிரி வைத்தால் தானே நின்று தானே ஓடுவதாக இருக்கட்டும். தீயை மட்டும் தனியாகப் போடும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு, அதற்குக் கரண்ட் பெரிதாக ஆகாது.

அளவுக்கு, சதுர மீட்டருக்கு 100 வாட் என்று போடுங்கள். 4க்கு 4 மீட்டர் அறைக்கு 1.6 கிலோவாட், ஆக 2 கிலோவாட் சரி. உயரமான கூரை, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் உள்ள பழைய வீடு என்றால் அதுவும் திணறும்.

ஃபயர்பிளேஸில் வைக்கப்போவதால் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மேல்பக்கம் ஊதுகிற மாடலைக் குழிக்குள் வைத்தால் சூடு அங்கேயே தங்கி, சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் கட்‑அவுட் விழுந்து அணையும். அப்படி அணைந்தால் பிளக்கைப் பிடுங்கி நன்றாக ஆறவிட்டுத் திரும்பப் போடலாம். ஆனால் அடிக்கடி நடந்தால் வைத்த இடம் தப்பு. முன்பக்கம், கீழே ஊதுவதை வாங்குங்கள், கால் மாட்டுக்கு இதமாக இருக்கும். பின்னால் காற்று இழுக்கும் கிரில்லுக்கு மேனுவலில் சொன்ன இடைவெளி விடுங்கள். புகைபோக்கி திறந்திருந்தால் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று அப்படியே மேலே போகும். சிம்னி பலூன் ஒன்றை ஊதி அடைத்துவிடுங்கள்.

செலவு? நம்மூரில் கெய்சர் 2 கிலோவாட், காலையில் கால் மணி நேரம் ஓடும். இது மணிக்கணக்கில் ஓடும். 4 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 8 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் நாளைக்கு 2 பவுண்டு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்கிற கதையெல்லாம் இங்கே கிடையாது. கேஸ் யூனிட் இதைவிடப் பல மடங்கு மலிவு. அதனால் வீடு முழுக்க கேஸ் பாய்லரில் சூடாகும் ரேடியேட்டரைக் குறைவாக வைத்து, பெரியவர்கள் உட்காரும் ஒரு அறைக்கு மட்டும் இதைப் போடுங்கள். படுக்கையறைக்கு ஆயில் ரேடியேட்டர்தான் (உள்ளே எண்ணெய் அடைத்த எலக்ட்ரிக் ஹீட்டர்) நல்லது, சத்தமே இருக்காது. ஆனால் எதுவானாலும் தூங்கும் முன் அணைத்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கண்டிப்பாகச் சொருகாதீர்கள், சுவர் சாக்கெட்டில்தான். 2 கிலோவாட் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அதே பாக்ஸில் 3 கிலோவாட் கெட்டிலையும் போட்டால் 20 தாண்டிவிடும். இங்கே பிளக்குக்குள்ளேயே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே என்பீர்கள். 20 ஆம்பியருக்கு அது உடனே போகாது, அதற்குள் பிளாஸ்டிக் இளகிவிடலாம்.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஈரத்துண்டை ஹீட்டர் மேல் உலர்த்தக் கூடாது, புடவைத் தலைப்பு, திரை, சோபா எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி.

முதல் நாள் புது எலிமென்ட் கருகல் வாடை அடிக்கும். ஜன்னலைத் திறந்து அரை மணி ஓட்டினால் போய்விடும். பிறகும் வாடை வந்தால் கிரில்லில் கார்பெட் தூசி சேர்ந்திருக்கும், அணைத்து ஆறவிட்டு வேக்குவம் போடுங்கள். முதல் வாரம் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை பொறுக்காத சூடோ, பிளக்கின் கம்பிகளைச் சுற்றிப் பழுப்பு நிறமோ தெரிந்தால் சாக்கெட் லூஸ். போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு மெயிலில் அனுப்பி, மாற்றித் தரும்வரை அந்த சாக்கெட்டில் ஹீட்டரைப் போடாதீர்கள்.