ஸ்டெம் செல் ஊசிக்காக வீட்டை அடகு வைக்கலாமா?

கேள்வி: சங்கு குளிக்கப் போன என் காக்கா (அண்ணன்), ஆழத்திலிருந்து வேகமாக மேலேறியதில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கிறார். ஸ்டெம் செல் (பலவகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) ஊசி போட்டால் நடப்பார் என்று வெளியூர் மையம் ஒன்று ஆறு லட்சம் கேட்கிறது. கருவை அழித்து எடுப்பது பாவம் என்கிறார் பெரியவாப்பா. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கலாமா?
– ஒரு சகோதரி, கீழக்கரை

பதில்: சகோதரி, பெரியவாப்பாவின் கவலை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1998-இல் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்தபோது, கருவுற்றுச் சில நாள்களே ஆன, ஊசிமுனையளவு செல்திரள் சிதைக்கப்பட்டது. அதை மனித உயிராகவே கருதும் கத்தோலிக்கத் திருச்சபை இதை ஏற்பதில்லை. 120-ஆம் நாளில் கருவுக்குள் ரூஹ் (உயிர்) ஊதப்படுகிறது என்று கொள்ளும் மார்க்க அறிஞர்கள் பலர், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் எஞ்சிய கருவை நோய் தீர்க்கும் ஆய்வுக்குத் தரலாம் என்கிறார்கள். என்னை அதைவிட உறுத்துவது கருமுட்டை தரும் பெண்ணின் நிலை. நோயாளியின் செல் உட்கருவைக் கருமுட்டைக்குள் வைத்து அவருக்கே பொருந்தும் செல்களை வளர்க்கும் சிகிச்சைக் குளோனிங்குக்கு முட்டைகள் ஏராளமாக வேண்டும். தென்கொரிய ஆய்வாளர் ஹுவாங் வூ-சுக் இம்முறையில் செய்ததாக 2004, 2005-இல் அறிவித்த சாதனைகள் பொய்யென்று அம்பலமானபோது, அவரிடம் வேலை பார்த்த இளம் பெண் ஆய்வாளர்களும் முட்டை தந்திருந்தது தெரியவந்தது. மறுத்தால் பிழைப்பு என்னாகுமோ என்று அஞ்சுபவள் தரும் ஒப்புதலை ஒப்புதலாக நான் ஏற்கமாட்டேன்.

ஆனால், நீங்கள் இணைத்திருக்கும் தாளின்படி, காக்காவுக்குப் போடவிருப்பது அவருடைய இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுக்கும் செல். அதில் கரு இல்லை. பாவம் எங்கே என்று கேட்டால், அந்தத் தாளில் எழுதியிருக்கும் தொகையைத்தான் காட்டுவேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, குறிப்பிட்ட சில நோய்களுக்கான இரத்த ஸ்டெம் செல் மாற்று நீங்கலாக, மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆய்வு நிலையிலேயே இருக்கின்றன. ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்த ஆய்வில் மட்டுமே அவற்றைத் தரலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வாகவே இருக்கும் ஒன்றை ‘நடப்பார்’ என்று சொல்லி விற்பது, படுத்திருப்பவரின் ஆசையைக் கொள்ளையடிப்பதாகும்.

ஆகவே பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஆய்வுப் பதிவெண்ணையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் எழுத்தில் கேளுங்கள்; தரத் தயங்கினால் பேச்சை முடித்துவிடுங்கள். கையிலிருக்கும் பணத்தை இயன்முறைச் சிகிச்சைக்கும், புண் வராமல் காக்கும் காற்று மெத்தைக்கும் செலவிடுங்கள். இரண்டு மணிக்கொரு முறை காக்காவைப் புரட்டிப் படுக்க வையுங்கள். முதுகடியில் தோல் சிவந்தாலோ சிறுநீர் கலங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.