லைக்கும் வந்தது, அப்பாவும் வந்தார்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் பாடுவது, ஆடுவது எல்லாவற்றையும் வீடியோ எடுத்து என் யூடியூப் சேனலிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவேன். "இதைப் பார்த்துத்தான் அட்மிஷன் வருது, நிறுத்தாதீங்க" என்கிறார் தலைமையாசிரியர். போன வாரம் ஒரு மாணவியின் அப்பா வந்து, "யாரைக் கேட்டு என் பொண்ணைப் போட்டீங்க?" என்று சத்தம் போட்டுவிட்டார். ஆசையாகச் செய்ததற்கு இதுதானா பலன்? தொடக்கப் பள்ளிக்குச் சமூக வலைத்தளமே ஆகாதா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்: அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரைகூட வைத்திருக்க வேண்டாம். பிறகு அந்த அப்பாவைப் போய்ப் பாருங்கள். "மத்த பேரன்ட்ஸ் எல்லாம் சந்தோஷப்பட்டாங்களே" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். மற்றவர்களில் எத்தனை பேர், டீச்சர் மனசு கோணுமே என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்களோ, யார் கண்டது?

உங்களைக் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. நான் வேலையில் இருந்தபோது, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது "ஏழெட்டு... ஏழெட்டு..." என்று நின்றுவிட்டு, கண்ணை உருட்டி, கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழ ஆரம்பித்தான். பார்க்க அவ்வளவு அழகு. சிரிக்கிற பொம்மை நாலைச் சேர்த்து என் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்டேன். ஊரே பார்த்துச் சிரித்தது. நாலைந்து வருஷம் கழித்து அவன் அம்மாவைச் சந்தையில் பார்த்தேன். ஹைஸ்கூலில் அவனுக்குப் பட்டப்பெயரே 'ஏழெட்டு' என்றார். என்னைத் திட்டவில்லை, சொன்னார், அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் நான் அழித்தேன். ஆனால் அது எத்தனை போன்களில் இறங்கியிருந்ததோ!

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவர் எல்லாரும் குழந்தைதான். படம், வீடியோ போன்ற அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகிப் படிப்படியாக அமலாகின்றன. முகம், பெயர், யூனிஃபார்ம், பின்னால் பள்ளிப் பெயர்ப்பலகை: நாலும் ஒரே வீடியோவில் இருந்தால், அந்தப் பெண் எந்த ஊரில் காலை ஒன்பது மணிக்கு எங்கே இருப்பாள் என்று முன்பின் தெரியாதவனுக்கும் தெரிந்துவிடும். அந்த அப்பாவுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்காது. பயம் தெரிந்திருக்கிறது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஆகாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தொடக்கப் பள்ளியில் அதைப் பயன்படுத்த வேண்டியவர் நீங்களும் பெற்றோரும்தான். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றிலும் சொந்தமாகக் கணக்கு வைக்கக் குறைந்தது 13 வயதாக வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஏழு. ஒவ்வொன்றைப் போடும்போதும், இதனால் இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டத்தில் பிள்ளைக்குச் சந்தோஷம் உண்டு. அதைச் சேனலில் ஏற்றியதில் அவளுக்கு என்ன?

எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்தது ஒன்று, குரல் பதிவு. ஓய்வு பெறும் முன் கடைசி வருஷம் அதைச் செய்தேன். பாடத்திலிருந்து நாலு வரி, வீட்டில் வாசித்து வாட்ஸ்அப்பில் எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். ஒரு பையன் அனுப்பியதில் பின்னால் ஆடு கத்துகிறது. அவன் ஒரே மூச்சில் ஓடுகிறான். அம்மா ரகசியக் குரலில், "டேய், அங்க புள்ளி இருக்குது, நில்லு" என்கிறார். அந்த அம்மா ஐந்தாவதோடு நின்றவர். வகுப்பில் நாற்பது நிமிஷத்தில் நாற்பது பேரை வாசிக்க வைத்துக் கேட்க முடியாது. ராத்திரி சாப்பிட்ட பிறகு நாலைந்து பதிவு கேட்டால், யார் 'ழ'வை முழுங்குகிறார்கள், யார் எழுத்துக் கூட்டி நிற்கிறார்கள் என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். காலை பத்து மணிக்கு வீட்டுப்பாடம் அனுப்பினால் அது பிள்ளைக்குப் போகாது, கட்டட வேலை நடக்கும் இடத்துக்குத்தான் போகும். கொரோனாவில் இதில்தான் நாம் எல்லோரும் கோட்டைவிட்டோம். அனுப்பியதற்கு மறுநாள் வரை நேரம் கொடுங்கள். போனே இல்லாத வீட்டுப் பிள்ளையைப் பள்ளியிலேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் பதிவிடும்படி மாற்றி வையுங்கள். குட்மார்னிங் பூங்கொத்தும் கட்சிச் சண்டையும் ஒழியும். ஆனால் குரூப்பில் இருக்கிற எல்லாருக்கும் எல்லா அம்மாக்களின் நம்பரும் தெரியும். அதனால் வரும் வம்பு உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரே செய்தியை எல்லாருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்றால் ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் நம்பரை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் போய்ச் சேரும் என்பதால், பெற்றோர் கூட்டத்திலேயே சேமிக்க வைத்துவிடுங்கள். இன்னொன்று: பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்ற பட்டியலைக் குரூப்பில் போடவே போடாதீர்கள். பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

யூடியூபை, உலகம் வகுப்புக்குள் வரும் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். தூக்கணாங்குருவி கூடு கட்டுவதைக் காட்டுங்கள், கடலைப் பார்க்காத பிள்ளைகளுக்கு வலை இழுப்பதைக் காட்டுங்கள். முதல் நாளே முழுக்கப் பார்த்து வையுங்கள். நடுவில் வரும் விளம்பரமும் தானாக ஓடும் அடுத்த வீடியோவும் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நாலாவது, ஐந்தாவது எடுக்கிற சக ஆசிரியர்களுக்கு ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, பிள்ளைகள் வரைந்ததை அதில் மாட்டச் சொல்லுங்கள். கீழே மற்றவர்கள் கமென்ட் எழுத வேண்டும். 'சூப்பர்' என்று எழுதக் கூடாது, ஏன் பிடித்தது என்று எழுத வேண்டும், கீழே பெயர் போட வேண்டும். முதல் வாரம் யாராவது ஒருவன் 'கேவலமா இருக்கு' என்று எழுதுவான், நிச்சயம். கிழிக்காதீர்கள். வரைந்தவளையும் எழுதியவனையும் அந்தச் சார்ட் முன்னால் நிறுத்திப் பேச விடுங்கள். போனே இல்லாமல் நடக்கிற சமூக வலைத்தளப் பாடம் இது.

தலைமையாசிரியர் கவலையும் நியாயமானதுதான். பக்கத்துத் தனியார் பள்ளி வேன் வாசலுக்கே வரும்போது அவர் என்ன செய்வார்? அட்மிஷனுக்குப் போடுங்கள், ஆனால் பள்ளி பெயரிலான பக்கத்தில், உங்கள் சொந்தச் சேனலில் வேண்டாம். புளியங்கொட்டை வைத்துக் கூட்டல் போடும் விரல்கள், பிள்ளைகள் போட்ட கீரைப்பாத்தி, நோட்டில் ஜூனில் எழுதிய 'அ'வும் டிசம்பரில் எழுதிய 'அ'வும் பக்கத்தில் பக்கத்தில்: இதில் எதற்கும் முகம் தேவையில்லை. பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பாவுக்கு, டான்ஸைவிட அந்த இரண்டாவது 'அ' அதிகம் சொல்லும். முகம் வந்தே ஆக வேண்டும் என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசித் தீர்மானம் எழுதி, ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்கிற வீட்டுப் பிள்ளையின் மேல் அந்தக் கோபத்தைக் காட்டிவிடாதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எழுத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்தப் பெண் இந்நேரம் தன்னால்தான் டீச்சருக்குத் திட்டு விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பாள். ஆண்டு விழாவில் அவளை முன்வரிசையில் ஆட விடுங்கள். அவள் அப்பாவுக்கு முன் நாற்காலி போடுங்கள். உங்கள் போன் கைப்பைக்குள் இருக்கட்டும்.