டெஸ்டோஸ்டிரோன் குறைவு பரம்பரையாக வருமா? அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கும் இருக்குமா?

வரும். ஆனால் நீங்கள் பயப்படுகிற வழியில் வருவது குறைவு. அப்பாவுக்கு 58 வயதில் ரிப்போர்ட்டில் இந்த ஆண் ஹார்மோன் குறைவாகக் காட்டியது, எனக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற நேரம் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் இந்தக் கேள்வி மனதைப் போட்டு இவ்வளவு அரிக்காது. நான் டாக்டர் இல்லை, பாளையங்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். இதில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறை பட்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, அம்பாசமுத்திரம் பக்கம் ஆச்சி வீட்டிலேயே இருந்தார். கையும் காலும் நீள நீளமாக, நல்ல உயரம். முகத்தில் ஒரு முடி கிடையாது, குரலும் கடைசி வரை உடையவில்லை. கல்யாணம் ஆகவில்லை. ஊரில் அவருக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் ஆச்சி அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பார்த்துக்கோ என்று அவரிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள். அவர் அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இருந்தேன். பால் பொங்கி வற்றி அடிப்பிடித்துப் பாத்திரமே கருகிவிட்டது. எதிர்வீட்டு அத்தை ஓடிவந்துதான் அடுப்பை அணைத்தாள். "மூக்கு இருக்கா இல்லியால ஒனக்கு, தெருவே நாறுது" என்று ஆச்சி வந்து கத்தினாள். மாமா, "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் "வாசம் ஆளைத் தூக்குது" என்றால் நானும் தலையாட்டுவேன், அப்படியே பழகிவிட்டேன்.

2006இல் எனக்கு 24 வயது. மீசை அரும்பவே இல்லை. முதலில் போனது, ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் மாதம் ஒருநாள் ரூம் போட்டு உட்காருகிற ஒரு வைத்தியரிடம். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் செய்த தப்பு என்று சொல்லி லேகியத்துக்கு 6,000 ரூபாய் வாங்கினார். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த ஒரு வார்த்தையால் மூன்று மாதம் தூங்காமல் கிடந்தேன். உங்களுக்கும் யாராவது அப்படி ஒருவரைச் சொல்வார்கள், போகாதீர்கள்.

அப்புறம்தான் ஹார்மோன் டாக்டரிடம் அம்மா கூட்டிப்போனாள். அவர் கண்ணை மூடச் சொன்னார், மேஜை டிராயரைத் திறக்கிற சத்தம் கேட்டது. மூக்குக்குக் கீழே எதையோ நீட்டி, "என்ன இது?" என்றார். "ஒண்ணும் தெரியல சார்." கண்ணைத் திறந்தால், வாய் பிரித்த காப்பித்தூள் பாக்கெட். அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, "உங்க கூடப்பிறந்த ஆம்பளைங்க யாருக்காவது மீசை தாடி இல்லாம இருக்காம்மா?" என்று கேட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

இதற்குப் பெயர் கால்மன் சிண்ட்ரோம். என் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 38 நானோகிராம் இருந்தது, வயது வந்த ஆண்களுக்கு 300க்குக் குறைந்தால்தான் டாக்டர்கள் குறைவு என்கிறார்கள். விதைக்குக் கட்டளை அனுப்புகிற எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்கள் இரண்டும் எனக்கு அடிமட்டம். அந்தக் கட்டளையைத் தொடங்கி வைக்கிற நரம்பு செல்கள், கருவில் மூக்குப் பக்கம் உருவாகி வாசனை நரம்பைப் பிடித்துக்கொண்டுதான் மூளைக்குப் போகின்றனவாம். பாதை சரியாக அமையாவிட்டால் வாசனையும் இல்லை, ஹார்மோனும் இல்லை. எங்கள் குடும்பத்தில் இருப்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள கோளாறு. அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, ஆனால் அவள் வழியாக எனக்கு வந்தது. இதே நோய் வேறு மரபணுக்கள் வழியாக அப்பாவிடமிருந்தும் வரலாம், அதை நான் மறுக்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு நீங்கள் பிறந்திருக்கிறீர்கள், 58 வயதில்தான் குறைவு தெரிந்திருக்கிறது. அநேகமாக சுகர், தொப்பை, வயது, இதில் ஒன்றாக இருக்கும். எங்கள் வீட்டு எக்ஸ் கோளாறு அப்பாவிடமிருந்து உங்களுக்கு வராது, ஏனென்றால் அப்பாவின் எக்ஸ் மகனுக்கு வருவதே இல்லை, ஒய்தான் வரும். ஹார்மோன் அளவு ஓரளவு குடும்பவாகு என்பது உண்மைதான், இரட்டையர்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அதைக் காட்டியிருக்கின்றன. சுகரும் உடல் பருமனும்கூடக் குடும்பத்தில் ஓடும். அதற்காக அப்பா ரிப்போர்ட்டை உங்கள் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். க்ளைன்ஃபெல்டர் என்று ஒன்று உண்டு, ஒரு எக்ஸ் கூடுதலாக இருப்பது. அது மரபணுக் கோளாறுதான், ஆனால் தற்செயலாக நேர்வது, பரம்பரை இல்லை. டெஸ்ட் எடுப்பதானால் காலையில் வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாள் எடுங்கள். சாயங்காலம் அளவு இயல்பாகவே இறங்கும், அதை வைத்து ஒருவரும் முடிவு சொல்லக் கூடாது.

இன்னொன்று, ஜிம்மில் யாராவது சொன்னார்கள் என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து ஏற்றினால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும். எனக்கு முதலில் அந்த ஊசிதான், மீசை வந்தது, குரல் இறங்கியது. குழந்தை வேண்டும் என்றபோது அதை நிறுத்திவிட்டு வேறு ஊசிகள், வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றரை வருடம். கல்யாணத்துக்கு முன்பே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஊசி போட்டுவிட்டதும் அவள்தான். இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று யாராவது கேட்பீர்கள். எழுதாமல் இருந்ததால்தான் மாமா அப்படியே செத்துப்போனார்.

அவருக்கு 50 வயதில் தாமிரபரணிப் படித்துறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. சாதாரண வழுக்கல்தான். வருடக்கணக்கில் ஹார்மோன் இல்லாததால் எலும்பு உளுத்துப்போயிருக்கும் என்று என் டாக்டர் பின்னாடி சொன்னார். படுத்த படுக்கையாகக் கிடந்தவரிடம் மற்ற இரண்டு மாமாக்களும், "புள்ள குட்டி இல்லாதவனுக்கு வயல் எதுக்கு" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஆற்றுப் பாசன நிலம், இரண்டு போகம் விளைகிற வயல். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இன்றைக்கும் அந்த வரப்பைத் தாண்டிப் போகும்போது எனக்கு வயிறு எரிகிறது. நட்டு, தண்ணீர் பாய்ச்சி, முப்பது வருடம் அதில் உழைத்தவர் அவர்.

எங்களுக்கு 2014இல் மகள் பிறந்தாள். என்னிடம் இருப்பது ஒரே எக்ஸ், அது அவளுக்குப் போயிருக்கிறது. அவளுக்கு ஒன்றும் செய்யாது, நல்ல மூக்கு. நாளைக்கு அவளுக்குப் பையன் பிறந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 14 வயதில் அவனுக்கு உடம்பில் மாற்றம் தெரியாவிட்டால் 24 வயது வரை காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப்போகலாம். குடும்பத்தில் யார் யாருக்கு இந்த நோய் என்று டாக்டர் கட்டம் போட்டு வரைந்து கொடுத்த படத்தை அவளுடைய பிறப்புச் சான்றிதழோடு ஒரே கவரில் பீரோவில் வைத்திருக்கிறேன். அதில் மாமாவுக்கும் ஒரு கட்டம் இருக்கிறது, பக்கத்தில் அவர் பெயரை நானே எழுதினேன்.